வார்டில் இருப்பவர்கள், நைட் டியூட்டி முடித்து வருபவர்கள் எல்லோரும் படிக்கவும்

வணக்கம். இந்த வாரம் நம் குழுவிலேயே மூன்று பேர் எனக்குத் தனியாக ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள், டியூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு கனக்கிறது, நோயாளி கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது, வீட்டுக்குப் போனால் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று. பெயர் சொல்ல மாட்டேன்.

இது சோம்பலோ பலவீனமோ இல்லை, வேலை அழுத்தத்தால் ஆள் வற்றிப்போகும் பர்ன்அவுட்டாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்கப்பட்ட தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் சொன்னது. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, நாம் செய்வதில் பயனே இல்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளம். காரணம் சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தம். அதனால் மூச்சுப்பயிற்சி செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி நம்மை அனுப்பிவிட முடியாது, ஆள் பற்றாக்குறையும் ஷிப்ட் அட்டவணையும் சரியாக வேண்டும், அதை நாம் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்வோம். வார்டில் ஒரு மரணம் நடந்தால், ஷிப்ட் முடிந்ததும் உடனே கலைந்து போகாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், யார் தப்பு என்று அலசுவதற்கு இல்லை, மனதில் இருப்பதை இறக்கி வைக்க. புதிதாகச் சேர்ந்தவர்களை அன்று தனியாக விடாதீர்கள்.

அப்புறம் தூக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே நம் கவனம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் குறைகிறது, அந்த நிலையில் தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.