பச்சைக்கிளி கேட்ட தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் அறுவை முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொல்லையில் வைத்த மாங்கன்று இந்த வருஷம்தான் முதல்முறையாகப் பூத்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி கிளி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், தோப்பில் தென்னைமரப் பொந்திலிருந்து ஒரு பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்துத் தருவதாகத் தெரிந்தவர் சொல்கிறார், வாங்கலாமா, கடிக்குமாமே என்று கேட்டிருந்தாய்.

அந்தக் குஞ்சு வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. நம் ஊர்க் கிளிகள் எதையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜெயில், அபராதம் வரைக்கும் போகும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் விட வேண்டாம். அந்தப் பொந்தில் தாய்க்கிளியும் தந்தைக்கிளியும் மாறி மாறி இரை கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருக்கும். குஞ்சை எடுத்துவிட்டால் அவை திரும்பி வந்து வெறும் பொந்தைத்தான் பார்க்கும். மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் கிளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மதுரைக் கோயில் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளி வளர்த்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கினார்கள் என்று உன் பாட்டி சொல்லுவாரே, எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு ஏன் பச்சைக்கிளி மேல் ஆசை என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஆசைக்கு மொட்டைமாடியில் ஒரு பலகை போட்டு ஊறவைத்த அரிசியும் பக்கத்தில் தண்ணீரும் வை. வந்து பழகச் சில வாரம் பிடிக்கும். வந்தால் தினமும் வரும், கூண்டும் தேவையில்லை.

வீட்டுக்குள் வளர்க்கத்தான் வேண்டும் என்றால் வெளிநாட்டு இனங்களில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். கடையில் போய் நின்றால் பெயரே குழப்பும். நம் ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது உண்மையில் பட்ஜி, ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி. நிஜமான லவ் பேர்டை ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பார்கள். அது ஜோடியாக இருந்தால் தன் ஜோடியே போதும் என்று இருக்கும். தனியாக இருந்தால் நாள் முழுக்க நீ கூட இருக்க வேண்டும், கோபமும் அதிகம். எட்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதல் பறவையாக அதைச் சொல்ல மாட்டேன்.

சன் கன்யூரைப் பார்த்தால் பேத்தி அதைத்தான் கேட்பாள், அவ்வளவு அழகு, மஞ்சளும் ஆரஞ்சுமாக. ஆனால் அது கத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் பதில் சொல்ல முடியாது. ஆயுளும் இருபத்தைந்து முப்பது வருஷம். ஆப்பிரிக்கன் கிரே இன்னும் அதிகம், நம்மைத் தாண்டி வாழும். இந்த மாதிரி இனங்களை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்டீலுக்கும் அந்த வேலை இல்லை.

என் ஓட்டு காக்டீலுக்கு, தலையில் கொண்டை வைத்த ஆஸ்திரேலியக் கிளி அது. கடைக்காரர்கள் காக்டெய்ல் என்பார்கள், நீயும் அப்படியே கேள், புரியும். எடை நூறு கிராம் அளவுதான். கத்தினாலும் விசில் அடிப்பது போலத்தான் இருக்கும். ஆணாக இருந்தால் பாட்டும் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருஷம் இருக்கும், அதையும் யோசித்துக்கொள். பேத்தி கல்லூரிக்குப் போன பிறகும் அது உன் வீட்டில்தான் இருக்கும். இன்னொன்று, இதன் இறகிலிருந்து வெள்ளைப் பவுடர் மாதிரி உதிரும். உன் மருமகனுக்கு ஆஸ்துமா என்று சொல்லியிருக்கிறாய். வாங்குவதற்கு முன்னால் அவரைக் காக்டீல் இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார். மூச்சு இழுத்தால் பட்ஜியோடு நிறுத்திக்கொள். அதுவும் குறை இல்லை. பொறுமையாகப் பழக்கினால் விரலில் வந்து உட்காரும்.

வாங்கும்போது கண் திறந்து இறகு முளைக்காத குஞ்சைக் கொடுத்து, நீங்களே சிரிஞ்சில் ஊட்டினால்தான் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். நம்பாதே. மாவு கொஞ்சம் சூடாக இருந்தாலும் இரைப்பை வெந்துவிடும், மூச்சுக்குழலில் போனால் அங்கேயே முடிந்தது. நான் பட்டுத்தான் சொல்கிறேன். முதலில் நான் வாங்கிவந்த குஞ்சு நான்கே நாள்தான் இருந்தது. இன்றைக்கும் அந்த அட்டைப்பெட்டி என் கண்ணுக்குள் நிற்கிறது. தானாகத் தின்னப் பழகிய பறவையைத்தான் வாங்க வேண்டும். வளர்ப்பவரின் வீட்டுக்கே போ. அரைமணி நேரம் சும்மா நின்று பார். மூக்குத் துளையும் கண்ணும் ஒழுகாமல் இருக்கிறதா, பின்புறம் சுத்தமாக இருக்கிறதா, எல்லாம் விளையாடும்போது ஒன்று மட்டும் உப்பிக்கொண்டு தூங்குகிறதா என்று கவனி. அப்புறம் கம்பிக்கு வெளியே கையை அசைக்காமல் வை. ஓடி ஒளியாமல் எட்டிப் பார்க்கும் ஒன்று இருக்கும். நிறத்தைப் பார்க்காதே, அதை வாங்கு.

இப்போது கடி. காக்கை கொத்தும், கோழி கொத்தும். கிளி கடிக்கும், அதுதான் சரியான சொல். மேல் அலகும் கீழ் அலகும் சேர்ந்து இடுக்கி மாதிரி பிடிக்கும். அலகுதான் அதற்குக் கை. ஏறுவதற்குக் கம்பியைப் பிடிப்பதும் அலகால்தான். உன் விரலில் ஏறுவதற்கு முன் இது ஆடுமா நிலையாக நிற்குமா என்று ஒரு தடவை அலகால் பிடித்துப் பார்க்கும். முதல் நாள் எல்லோரும் அதைக் கடி என்று நினைத்து வெடுக்கென்று கையை இழுப்பார்கள். இழுத்தால் இந்தக் கிளை ஆடும் கிளை என்று அதற்குத் தோன்றிவிடும். அடுத்த முறை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பேத்திக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடு.

நிஜக் கடி வேறு. எங்கள் காக்டீல் பட்டாணி வந்த மூன்றாம் மாதம், ஒரு சாயங்காலம் திரைச்சீலைக் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டான். அடுப்பில் பால். அவசரமாக ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினேன். அவன் கொண்டை, சாதாரணமாகப் பாதி நிமிர்ந்து நிற்பது, தலையோடு ஒட்டிப் படுத்துவிட்டது. கழுத்து தாழ்ந்தது. அலகு லேசாகத் திறந்து, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஒரு கால் பின்னால் போனது. எல்லாம் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நடந்தது, எல்லாவற்றையும் பார்த்தேன். இருந்தும் கையை நீட்டினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் பிடித்தான். நான் அலறிக் கையை உதறியதில் தரையில் போய் விழுந்தான். என் கையில் இரண்டு சொட்டு ரத்தம், இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் மூன்று வாரம் என் கையைக் கண்டாலே கூண்டின் பின்மூலைக்கு ஓடினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவரை மட்டும் அவன் கடித்ததே இல்லை. எனக்கு அது மனக்குறையாகவே இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து கவனித்தேன். அவர் கையை நீட்டிவிட்டு நிறுத்துகிறார். கொண்டை படுத்தால் கையை எடுத்துவிட்டுப் பேப்பரைப் பார்க்கப் போய்விடுகிறார். கொண்டை தளர்ந்தால்தான் கிட்டே போகிறார். அவனும் அவரிடம் வேண்டாம் என்று கொண்டையாலேயே சொல்லி முடித்துவிடுகிறான். என்னிடம் அப்படிச் சொல்லிப் பலன் இல்லை என்று தெரிந்துகொண்டதால்தான் நேரே கடிக்கு வந்திருக்கிறான்.

அதிலிருந்து நான் முதலிலிருந்து தொடங்கினேன். முதல் வாரம் கூண்டுக்கு நாலடி தள்ளி நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்தேன், அவனைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த வாரம் கிட்டே. அப்புறம் கம்பிக்கு வெளியிலிருந்து ஒரு தினைக்கதிர். வள்ளி ஆலோலம் பாடி விரட்டியதும் தினைக்கு வந்த கிளிகளைத்தானே, கடல் தாண்டி வந்த இந்தக் கிளிக்கும் தினை என்றால் உயிர். கதிரின் நுனியில் ஆரம்பித்து என் விரல் வரைக்கும் தின்றுகொண்டே வந்தான், விரலை அலகால் தொட்டான், விட்டுவிட்டு மறுபடி தினைக்குப் போனான். அன்றைக்கு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு வேப்பங்குச்சியில் ஏறப் பழக்கி, பிறகு குச்சிக்குப் பக்கத்தில் விரலை வைத்து, கடைசியில் குச்சியை எடுத்துவிட்டேன். காலுக்குச் சற்று மேலே, வயிறு முடியும் இடத்தில் விரலை மெல்ல வைத்து 'ஏறு' என்றால் இப்போது ஏறுகிறான். கூண்டுக்குள் மட்டும் இன்றும் கையை விடுவதில்லை. அது அவன் வீடு. கதவைத் திறந்து வைத்தால் தானே வெளியே வருவான்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாயே. கத்தாதே. நாம் கத்துவதும் குதிப்பதும் சில பறவைகளுக்கு விளையாட்டாகிவிடும். சத்தம் போடாமல் பக்கத்தில் இருக்கும் இடத்தில் இறக்கிவிட்டு ஒரு நிமிஷம் திரும்பிக்கொள். அலகில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, கையுறை போட்டுப் பிடித்து அடக்குவது எல்லாம் பயத்தைத்தான் வளர்க்கும். சுண்டச் சொல்லி உனக்கு நிறையப் பேர் யோசனை சொல்வார்கள், கேட்காதே.

தூக்கத்தையும் பார். எங்கள் ஹாலில் பத்து மணி வரை சீரியல் ஓடும், கூண்டு டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் சிடுசிடுவென்றே இருப்பான். ஏழரை மணிக்குக் கூண்டைப் பின்னறைக்குத் தள்ளிப் பழைய வேட்டியால் போர்த்த ஆரம்பித்த பத்து நாளில் ஆளே மாறிவிட்டான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். சின்ன இரவு விளக்கு ஒன்று எரியட்டும், முழு இருட்டில் காக்டீல் திடுக்கிட்டுச் சிறகடித்து அடிபட்டுக்கொள்ளும். அப்புறம், முதுகையும் சிறகுக்கு அடியிலும் தடவாதீர்கள், இனச்சேர்க்கைக் காலம் என்று அதற்குத் தோன்றிவிடும், அந்தச் சமயத்தில் கடி அதிகம். தலையும் கழுத்தும் போதும். அட்டைப்பெட்டி, சோபா அடி என்று இருட்டு மூலைகளில் நுழையவும் விடக்கூடாது.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பறவை வெளியே இருக்கும்போது மின்விசிறி ஓடவே கூடாது. நாங்கள் ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டியிருக்கிறோம். நான்ஸ்டிக் தோசைக்கல் காய்ந்து அதிகச் சூடானால் வரும் புகை நமக்கு மணம்கூடத் தெரியாது, பறவை நிமிஷத்தில் செத்துவிடும். உன் பழைய இரும்புக் கல்லை எடு. கொசுச்சுருளும் வேண்டாம். தானியம் மட்டும் போட்டு வளர்க்காதே, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பயறு எல்லாம் கொடு. அவகேடோவும் சாக்லேட்டும் விஷம்.

முதலில் வாங்கிவிடாதே. பொங்கல் விடுமுறைக்குப் பேத்தியை அழைத்துக்கொண்டு இங்கே வந்து நான்கு நாள் தங்கு. பட்டாணியின் கொண்டை எப்போது படுக்கிறது, எப்போது நிமிர்கிறது என்று அவள் ஒரு நோட்டில் எழுதட்டும். தொட வேண்டாம், பார்த்து எழுதினால் போதும். நான்காம் நாள் அவள் கையிலேயே தினைக்கதிரைக் கொடுக்கிறேன்.

இதை எழுதும்போதே மேஜை மேல் வந்து தாளின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். கீழ்மூலையில் அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தால் அது அவன் வேலை. எந்த ரயில் என்று மட்டும் எழுது, அவர் ஸ்டேஷனுக்கு வருவார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி