சொல்ல வந்த குழந்தையிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். அதனால்தான் இணையத்தில் மிரட்டப்படும் பிள்ளைகளைப் பற்றிய இந்த மடலை அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. கடைசி மணி அடித்த பிறகும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பை விட்டுப் போகவில்லை. அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பையிலிருந்து அம்மாவின் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். திரையின் ஒரு மூலை உடைந்து, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஓர் 'அக்கா'வின் இன்ஸ்டாகிராம் பக்கம் திறந்திருந்தது. முகப்பில் முகம் இல்லை, ஒரு வாசல் கோலம். உள்ளே ஒரு பூனைக்குட்டி, ஒரு மருதாணிக் கை, ஒரு தேர்வு அட்டவணை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் 14 பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். யார் அழைத்தாலும் சேர்த்துக்கொள்ளும் பிள்ளை ஒன்று முதலில் சேர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து அதன் தோழி, தோழியைப் பார்த்து இன்னொருத்தி. பதினைந்தாவதாக வருகிறவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

முதல் மூன்று மாதம் அக்கா எதையுமே கேட்கவில்லை. கணக்கு வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசினாள். "சாப்பிட்டாயா?" என்று இரவு எட்டு மணிக்கு விசாரித்தாள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. அம்மாவுக்கு நூல் மில்லில் இரவு ஷிப்ட். மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் போன் வீட்டில் இருக்கும். பிறகு வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னாள். பிறகு ஒரு படம் கேட்டாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது முறை பிள்ளை மறுத்தபோது பேச்சு மாறியது. அவளுடைய தோழிகளின் பட்டியலையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவளுக்கு அனுப்பி, 'இவர்கள் எல்லோருக்கும் போகும்' என்று எழுதியிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி: "நீ ஏன் அனுப்பினாய்?"

போனை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "ஒன்றுமில்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சனியும் ஞாயிறும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை நானே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள். "அம்மாவிடம் சொன்னால் என் படிப்பை நிறுத்திவிடுவார்களா, டீச்சர்?" முகம் தெரியாதவன் ஒருவன் மிரட்டிக்கொண்டிருக்கும்போது அவளுடைய பயமெல்லாம் நம்மைப் பற்றியதாக இருந்தது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான். போலிக் கணக்கு வைத்திருப்பவனுக்கு நம் வீடுகளை நன்றாகத் தெரியும். சொன்னால் அடி விழும், போன் போகும், பள்ளி நிற்கும், பெண் பிள்ளையாக இருந்தால் மாப்பிள்ளை தேடத் தொடங்குவார்கள் என்று அவன் கணக்குப் போட்டுவைத்திருக்கிறான். 'உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்' என்பது ஒரு மிரட்டலாக இருக்கும் வரை அவனுக்கு வேறு ஆயுதம் வேண்டியதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கேடும் இல்லை. வட அயர்லாந்தில் அலெக்சாண்டர் மெக்கார்ட்னி என்ற கணினி மாணவன், தன் படுக்கையறையில் உட்கார்ந்துகொண்டு ஸ்னாப்சாட்டில் சிறுமியாக வேடமிட்டு, பல நாடுகளில் சுமார் 3,500 குழந்தைகளை வதைத்தான். அவர்களில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி 2018இல் உயிரை விட்டாள். 2024 அக்டோபரில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 20 ஆண்டுகள் சிறையில் இருந்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக வலைதளக் கணக்குகளைத் தடைசெய்திருக்கிறது. இங்கும் அப்படிச் செய்யலாமே என்று கேட்கிறார்கள். செய்யட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் பயன்படுத்துவது அம்மாவின் போன், அப்பாவின் எண், சித்தப்பா தொடங்கிக் கொடுத்த கணக்கு. கொரோனாக் காலத்தில் வகுப்புக்காக வாங்கிய போன் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது. அந்தக் கணக்கில் வயது 38 என்று இருக்கும்போது எந்தச் சோதனை அதைப் பிடிக்கும்?

பள்ளியில் நாம் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்டு விழா, விளையாட்டு விழா முடிந்ததும் பிள்ளைகளின் படத்தைப் பெயர், வகுப்பு, ஊர், வாங்கிய பரிசு சகிதம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறோம். அந்த அக்காவுக்கு எங்கள் மாணவி கோகோவில் பரிசு வாங்கியது தெரிந்திருந்தது. 'உன்னை மேடையில் பார்த்தேன், அழகாக இருந்தாய்' என்றுதான் பேச்சே தொடங்கியிருக்கிறது. மேடைப் பக்கமே வராதவனுக்கு அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது பள்ளிதான். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறு உடலில் பொருத்திப் படம் செய்துவிடுகிற காலம் இது. பிள்ளை எதையும் அனுப்ப வேண்டியதே இல்லை. இனி எங்கள் பள்ளியில் குழுவாக நிற்கும் படம் மட்டும்தான், பெயரில்லாமல். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு முடிவெடுக்கச் செலவு ஏதும் இல்லை.

சட்டத்தைப் பற்றி ஊரில் நிலவும் அச்சம் பெரிது. அந்த அம்மாவோடு காவல் நிலையத்துக்கு நானும் போனேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "பெண் பிள்ளைக்கு எதற்குப் போன்?" அம்மாவின் கை நடுங்கியது. உள்ளே இருந்த பெண் உதவி ஆய்வாளர் எழுந்து வந்தார், அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அந்த முறை என்ன என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், பள்ளி, முகவரி எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. எங்கள் மாணவியின் வீட்டுக்கு அந்த அதிகாரி சாதாரணப் புடவையில் வந்தார். உறவினர் என்றுதான் தெருவில் நினைத்தார்கள்.

தலைமையாசிரியர்களும் ஒன்றை மறக்க வேண்டாம். இத்தகைய குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. தமக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைப்பவர்கள் யாருடைய பெயரைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு பிள்ளை வந்து சொன்னால் உடனே கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். முதலில் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயரை நம்பாமல், அந்தப் பக்கத்தின் முகவரியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். காட்டும் பெயரை அவன் நொடியில் மாற்றிவிடுவான். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். குழந்தையின் அந்தரங்கப் படத்தைச் சாட்சி என்று எண்ணி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள், அதுவே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் வரும் குற்றம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 1930 சைபர் குற்றங்களுக்கானது. மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் இத்தகைய புகாரைப் பதிவு செய்யலாம். படம் பரவிவிடுமோ என்று அஞ்சும் பிள்ளைக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, படத்திலிருந்து உருவாக்கப்படும் ஓர் எண் அடையாளம் மட்டும் சமூக வலைதள நிறுவனங்களுக்குப் போய், அதே படம் அவர்கள் தளத்தில் தென்பட்டால் நீக்க உதவும்.

எங்கள் மாணவியின் வழக்கு விசாரணையில் இருக்கிறது, அதைப் பற்றி எழுத மாட்டேன். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். போன் இன்னும் அதே செல்லோடேப்போடு அவள் வீட்டில்தான் இருக்கிறது. பிடுங்க வேண்டாம் என்று அவள் அம்மாவே முடிவு செய்தார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் உங்கள் தீர்மானப் பதிவேட்டில் ஒரே ஒரு வரியை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்: 'மிரட்டலுக்கு ஆளாகி நம்மிடம் வந்து சொல்லும் எந்தக் குழந்தையையும் திட்ட மாட்டோம், அதன் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்வோம்.' எழுதியதைத் திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், பெற்றோர் ஒருவர் தம் வாயால் படிக்கட்டும். ஆசிரியர் படித்தால் பிள்ளைகள் அறிவிப்பு என்று நினைத்துவிடுவார்கள். எழுதும்போது 'மாணவிகள்' என்று எழுதிவிடாதீர்கள். பையன்களும் மாட்டிக்கொள்கிறார்கள், அவர்களிடம் பெரும்பாலும் பணம் கேட்கிறார்கள். அவர்கள் வந்து சொல்ல இன்னும் அதிகமாகக் கூசுகிறார்கள்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை