பழைய மஞ்சளை முழுக்கச் சுரண்டாதே

கரூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு சரி போட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். அவரும் மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிறார். பாவம், அவருக்குப் பட்டிக்கும் பிரைமருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவான். பெரிதுபண்ணிப் படி. அவசரமாகப் படிக்காதே.

நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் ஓடிய 1996 மாடல் பள்ளிக்கூட பஸ் என்றாய், பழைய மஞ்சளைச் சுரண்டிவிட்டு வேறு நிறம் அடிக்கப் போகிறேன் என்றாய். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டிலுக்கும் அடுப்புக்கும் பலகை அடித்திருக்கிறீர்கள். உள்வேலையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், அது ஆசாரி வேலை. அம்மா மட்டும், "வீடு இருக்கும்போது பஸ்ஸுக்குள் எதுக்குக் குடியிருக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். லீவுக்கு ஊர் சுற்றத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அப்படித்தானே?

வீடியோவின் கடைசியில் நீ கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிப் பக்கவாட்டுத் தகட்டைத் தேய்க்கிறாய். மஞ்சள் தூசி புகை மாதிரி எழும்புகிறது. மூக்கில் ஒரு துப்பட்டா, அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணு.

அந்த மஞ்சளின் கதை உனக்குத் தெரியுமா? 1939இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில், ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் ஏழு நாள் மாநாடு கூட்டியிருக்கிறார். அதுவரை ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளைக் கிடைத்த வண்டியில், கிடைத்த நிறத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், குதிரை வண்டி உட்பட. எலுமிச்சை மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை சுமார் ஐம்பது சாயலைச் சுவரில் தொங்கவிட்டு, கடைசியில் இதைத் தேர்ந்தெடுத்தார்களாம். விடிகாலை மங்கலிலும் இந்த மஞ்சள் கண்ணில் படும், மேலே கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்த தொழில்காரன் கண்ணால் சொல்கிறேன், நல்ல தேர்வு. அதற்கு அவர்கள் முதலில் வைத்த பெயரிலேயே 'குரோம்' என்ற சொல் உண்டு. குரோம் மஞ்சள் என்றால் ஈயக் குரோமேட்டு. ஈயம்! அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தத் தடை வண்டிப் பெயின்டைக் கட்டுப்படுத்தவில்லை. நம் ஊரிலும் 2017இல் வந்த 90 பிபிஎம் கட்டுப்பாடு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது, வீட்டுப் பெயின்டுக்குத்தான்.

உன் பஸ்ஸில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று நீயும் சொல்ல முடியாது. உங்கள் ஹார்டுவேர் கடைகளில் சோதனைக் குச்சி விற்கிறார்களாம். பிளேடால் அடித்தகடு வரை ஒரு கீறல் போட்டு, எல்லா அடுக்கும் படுகிற மாதிரி தேய்த்துப் பார். குச்சி ஒன்றும் காட்டவில்லை என்றாலும் பழைய பெயின்டை விஷம் மாதிரியே நினைத்து வேலை செய். கிரைண்டரை அதன் பெட்டியில் வைத்து மூடு. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தால் தூசி பறக்காது, சேறாக வழியும். கீழே பாலித்தீன் விரித்து அந்தச் சேற்றைப் பிடித்துவிடு. முகத்துக்கு இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க்தான் போட வேண்டும், துணி கூடாது. வேலை உடுப்போடு வீட்டுக்குள் நுழையாதே.

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. நான் ஷெட்டிலிருந்து வரும்போது நீ தெருமுனை வரை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாய். பள்ளிக்கூட பஸ் அடித்த நாளில் என் சட்டை, முடி, புருவம் எல்லாம் மஞ்சளாக இருக்கும். "அப்பா மஞ்சள் தேச்சுக் குளிச்சுட்டாரு" என்று சிரிப்பாய். அம்மா உன்னைப் பிடித்து இழுத்து, "முதல்ல குளிச்சுட்டு வாங்க" என்பாள். அவள் கறை படியுமே என்று சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் இருமலைப் பற்றிக் கேட்டபோது தூசி அலர்ஜி என்றேன். அலர்ஜி இல்லை. டாக்டர் ஒரு மெஷினில் ஊதச் சொன்னார், மூன்று தடவை ஊதினேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இப்போது காலையும் மாலையும் பஃப் இழுக்கிறேன், பரவாயில்லை. மொட்டை மாடி ஏறினால்தான் கொஞ்சம் நின்று நின்று ஏற வேண்டியிருக்கிறது. இதற்காக டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பி வராதே. மாஸ்க் வாங்கு, அது போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

நீ நினைப்பது போல முழு பஸ்ஸையும் வெறும் தகடாக்க வேண்டியதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. முப்பது வருஷம் வெயிலிலும் பனியிலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற பெயின்டை விட நல்ல அடித்தளத்தை நீயோ நானோ போட்டுவிட முடியாது. எங்கே பிடிப்பு விட்டிருக்கிறதோ அங்கே மட்டும் உரி. எப்படிக் கண்டுபிடிப்பது? பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு கீறு. மேலே நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழு. சின்னச் சின்னச் சதுரமாகப் பெயின்ட் டேப்போடு வந்தால் அந்த இடம் போச்சு. வரவில்லை என்றால் பளபளப்பு சாகும் வரை தேய்த்தால் போதும். 320 நம்பர் தாளில் தேய்த்துவிட்டு உள்ளங்கையை ஓட்டிப் பார். வழுக்கினால் இன்னும் தேய்க்கணும்.

அடுத்து, அந்தப் பெயின்ட் எந்த ஜாதி என்று தெரிந்துகொள். வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து ஒரு நிமிஷம் ஒத்திவை. நிறம் கரைந்து துணியில் ஏறினால் லேக்கர். ஒன்றும் ஆகவில்லை என்றால் நன்றாக இறுகிய எனாமல். சுருங்கி எழும்பினால் அதன் மேல் கடுமையான தின்னர் கலந்த எதையும் அடிக்காதே.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உனக்கு மூன்று வயதிருக்கும். ஒரு ரூட் பஸ் எஃப்.சி.க்கு வந்தது, மூன்றே நாளில் வேண்டும் என்றார்கள். அடியில் ஆயில் எனாமல் இருந்ததை நான் பார்க்கவில்லை. மேலே என்.சி. பெயின்டை, அதாவது கடுமையான தின்னர் கலந்த லேக்கரை, ஏற்றிவிட்டேன். அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இடது பக்கம் முழுக்கப் பால் ஆடை மாதிரி சுருங்கி நிற்கிறது. ஓனர் என்னைத் திட்டவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் ராத்திரி முழுக்கச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம் கூலியும் கிடையாது.

கெமிக்கல் போட்டு உரிக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். எங்கள் காலத்து ரிமூவர் தடவினால் ஐந்து நிமிஷத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரி பொரியும். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அதன் வேலைதான். அதில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. அந்த ஆவி காற்றை விடக் கனம், கீழே தேங்கும். உங்கள் நாட்டில் குளியல் தொட்டிக்குள் குனிந்து பெயின்ட் உரித்த தொழிலாளிகள் பலர் அதிலேயே செத்திருக்கிறார்கள். 2019இல் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். யாராவது பழைய டப்பா கொடுத்தால் தொடாதே. இப்போது கிடைப்பது மெதுவாகத்தான் வேலை செய்யும். ராத்திரி தடவி மேலே பாலித்தீன் ஒட்டிவிட்டுப் போய்த் தூங்கு.

இனி துரு. உங்கள் மிச்சிகனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள் என்றாய். அப்படியென்றால் மேலே இருக்கிற மஞ்சளை விடக் கீழே இருக்கிற இரும்புதான் எனக்குக் கவலை. பக்கவாட்டில் நீளமாகக் கறுப்புப் பட்டை ஓடுகிறதே, அதன் மேல் விளிம்பில் தண்ணீர் நிற்கும். ரிவெட் ரிவெட்டாகத் தட்டிப் பார். நல்ல தகடு 'டிங்' என்னும், கெட்டது 'தொப்' என்னும். மேலாகத் துரு என்றால் கம்பி பிரஷை வைத்துக் கையாலேயே தேய்த்து, துரு மாற்றி தடவி, காய்ந்ததும் எப்பாக்ஸி பிரைமர் அடி. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு ரிவெட் அடி. ஓட்டையைப் பட்டியால் மூடாதே. பட்டி தண்ணீர் குடிக்கும். உள்ளேயே துரு வளர்ந்து, இரண்டு வருஷத்தில் மொத்தமாக எடுத்துக்கொண்டு விழும். கண்ணாடி ரப்பர், கூரை இணைப்பு எல்லாவற்றுக்கும் பெயின்டுக்கு முன்பே சீலன்ட் போட்டு, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, உள்ளே ஒழுகுகிறதா என்று பார்த்துவிடு.

ஸ்ப்ரேயா ரோலரா? நீ ரோலர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸுக்கு ரோலரா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாயா என்று நினைத்தேன். அப்புறம் உன் தம்பி நாலு வீடியோ காட்டினான். ஸ்பாஞ்ச் ரோலரில் எனாமலை மெல்லிசாக உருட்டி, ஈரம் காய்வதற்குள் பிரஷ் நுனியால் இழுத்துவிடுகிறார்கள். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே போனால் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. ரோலரே போதும். ஷோரூம் மினுமினுப்புக்கு ஆசைப்பட்டு இரண்டு டப்பா கலக்கிற பி.யு. (பாலியூரிதேன்) பெயின்டை ஸ்ப்ரே பண்ணாதே. அதை இறுக வைக்கிற ஹார்டனர் டப்பாவில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. 1984இல் போபாலில் கசிந்ததும் அந்தக் குடும்பத்து வாயுதான். பெயின்டில் இருப்பது அவ்வளவு கொடூரம் இல்லை என்றாலும், நெஞ்சில் ஒரு தடவை ஆஸ்துமா பிடித்துவிட்டால் விடாது. அதற்குச் சாதாரண மாஸ்க் போதாது, வெளியிலிருந்து குழாயில் காற்று வர வேண்டும். எங்கள் ஷெட்டில் குழாய் ஏது? கர்ச்சீப்தான்.

எல்லா டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள். டின்னுக்கு டின் சாயல் மாறும், இடது பக்கம் ஒன்றாகவும் வலது பக்கம் ஒன்றாகவும் நிற்கும். மெல்லிசாக மூன்று கோட் அடி, நடுவில் ஒவ்வொரு நாள் விடு. கூரைக்கு வெள்ளை அடி, உள்ளே சூடு குறையும். இங்கே நாங்கள் வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் அடிப்போம். நீ அதை அப்படியே செய்யாதே, உங்கள் ஊரில் காலையில் தகட்டில் பனி படிந்திருக்கும். பத்து மணிக்கு மேல், தொட்டால் தகடு வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆரம்பித்து, நாலு மணிக்கு நிறுத்து. பத்து டிகிரிக்குக் கீழே போனால் எனாமல் காயாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். அதனால் செப்டம்பருக்குள் முடித்துவிடு. பள்ளிக்கூட மஞ்சளிலேயே சொந்த வண்டியாக ஓட்டக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறதாமே, உங்கள் மாநிலத்தில் என்னவென்று விசாரித்துக்கொள்.

என்ன நிறம் என்று நீ இன்னும் சொல்லவில்லை. அம்மா மயில்கழுத்து என்கிறாள், அவள் கல்யாணப் புடவை நிறம். எனக்கு எந்த நிறமும் சரிதான், கறுப்பைத் தவிர.

கடைசியாக ஒன்று. பக்கவாட்டில் ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்துப் பெயரை ஹீட் கன் காட்டி உரித்திருக்கிறாய். ஸ்டிக்கர் போனாலும் எழுத்து போகவில்லை, கவனித்தாயா? வெயில் படாமல் மறைந்திருந்த இடம் மட்டும் புது மஞ்சளாக, எழுத்து எழுத்தாக நிற்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கூட்டிப் படித்தேன், முழுதாகப் பிடிபடவில்லை. அதைத் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்பு.

முகப்பில் 'ஸ்கூல் பஸ்' என்றிருந்த இடத்தையும் அனுப்பு. எங்கள் ஷெட்டில் பஸ்ஸுக்குப் பெயர் எழுதிய ஆர்ட்டிஸ்ட் இப்போது சும்மாதான் இருக்கிறார். எல்லாம் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. கை இன்னும் ஆடவில்லை. அலுமினியத் தகட்டில் ஒரு பெயர் எழுதித் தருகிறேன் என்கிறார், கூரியரில் அனுப்பிவிடலாம். என்ன பெயர் என்று நீயும் மாப்பிள்ளையும் பேசிச் சொல்லுங்கள். அகலம், உயரம் இரண்டும் வேண்டும். அங்குலத்தில் அளந்து சொல். மில்லிமீட்டரில் சொன்னால் அந்த மனுஷன் என்னைத்தான் திட்டுவார்.

அன்புடன்,
அப்பா