ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு காதணி

ஆசிரியருக்கு,

பழங்கால பாணி நகை செய்ய யோசனை வேண்டுமென்றால் பயணத்தில் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கோ தெருவில் கிடைத்ததுதான் அதிகம். போன முறை ஒரு பழைய வீட்டு ஜன்னல் கம்பியின் சுருள் பிடித்துப்போய், அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டேன் (வீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே!), அப்புறம் அதையே பித்தளைக் கம்பியில் சிறிதாக வளைத்தேன், காதணி ஆகிவிட்டது. போட்டோவில் அந்த வளைவு கைக்கு வராது.

பழைய பொருளின் கதை தெரிந்தால் அதைப் பார்க்கும் பார்வையும் மாறுகிறது. தீ விபத்துக்குப் பயந்து 1291-இல் வெனிஸ் நகரக் கண்ணாடி உலைகளை மூரானோ தீவுக்கு மாற்றினார்கள். 1861-இல் கணவரை இழந்த விக்டோரியா ராணி துக்கம் காத்ததால் இங்கிலாந்தின் விட்பி ஊரின் கறுப்பு ஜெட் நகைகளுக்குக் கிராக்கி எகிறியது. ஜெட் உண்மையில் கல்லே இல்லை, பல கோடி ஆண்டுகள் புதைந்து இறுகிய மரம்.

பழைய சாமான் சந்தைக்குச் சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். பித்தளையில் ஒட்டாது, ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். சரி, வாங்கியதன் கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு அதையே ‘விண்டேஜ்’, அதாவது பழங்காலத்துப் பொருள், என்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி