இளைத்துப்போன பொட்டலம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பேன். வீடியோ கால் என்றால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், பேரன் போனைப் பிடுங்குவான், நடுவில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வரும். அதனால்தான் பழைய பழக்கப்படி பேப்பரும் பேனாவும். ஒரு கால் மணி நேரம் ஒதுக்கித் தனியாக இருக்கும்போது படி.

போன மே மாதம் அங்கே இருந்தபோது தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடையில் 50 பென்ஸ் கொடுத்து ஒரு டிவிடி வாங்கி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "இதைப் போட்டுப் பார்க்க மிஷினே இல்லையே அப்பா" என்று சிரித்தாய். மருமகள்தான் பரணில் தேடி ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தாள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு மத்தியானம் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் மறுநாளும் பார்த்தேன். 'எ ரூம் ஃபார் ரோமியோ பிராஸ்' என்று பெயர். ஷேன் மெடோஸ் எடுத்து 1999இல் வந்த படம். நாட்டிங்ஹாமில் ஏழு வருஷமாக இருக்கும் நீயே கேள்விப்பட்டதில்லை என்றாய். உன்மேல் தப்பில்லை. தியேட்டரில் அது பெரிதாக ஓடவில்லை. 2006இல் வந்த 'திஸ் இஸ் இங்கிலாந்து'தான் மெடோஸுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. இந்தப் படம் அதன் நிழலில் மறைந்துபோயிற்று.

கதை என்று பார்த்தால் சின்னதுதான். ரோமியோ, கேவின் என்று பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பையன்கள், பன்னிரண்டு வயது. கேவினுக்கு முதுகில் கோளாறு, விந்தி விந்தி நடப்பான், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறான். ரோமியோவின் அப்பா வீட்டை விட்டுப் போனவர். வீட்டுக்கு என்று வாங்கிய சிப்ஸை ரோமியோ வழியிலேயே எடுத்து எடுத்துத் தின்றுகொண்டு வருவான். அங்கேயே எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. உன்னையும் எதிர்வீட்டுப் பையனையும் பக்கோடா வாங்க அனுப்பினால் கால் கிலோ பொட்டலம் வீடு வந்து சேரும்போது இளைத்துப்போயிருக்கும். "கடைக்காரர் எடை குறைச்சுட்டார்" என்று ஒரே குரலில் சொல்வீர்கள். கடைக்காரர் என்ன செய்வார் பாவம், உங்கள் வாயோரம் எண்ணெய் மின்னும்.

படத்தில், ரோமியோவும் கேவினும் வேறு பையன்களிடம் அடி வாங்கும்போது மாரெல் என்று ஒருவன் குறுக்கே புகுந்து காப்பாற்றுகிறான். வளர்ந்த ஆள், ஆனால் பேச்சும் சேட்டையும் சின்னப் பையன் மாதிரி. பாடி கான்சிடைன் என்ற நடிகருக்கு அதுதான் முதல் படமாம், நம்பவே முடியவில்லை. ரோமியோவின் அக்கா லாடீன்மேல் மாரெலுக்கு ஒரு கண். (அந்த அக்காவாக நடித்த விக்கி மெக்ளூர் உங்கள் ஊர்ப் பெண்தான். மருமகள் விடாமல் பார்க்கிறாளே, அந்தப் போலீஸ் சீரியலில் வருபவர்.) "லாடீனுக்கு இந்த மாதிரி உடுப்புதான் பிடிக்கும்" என்கிற தினுசில் கேவின் விளையாட்டுக்கு ஏற்றிவிட, அவன் பளபளக்கும் நைலான் டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு அவள் வேலை செய்யும் கடையில் போய் நிற்கிறான். நான் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதம். அவமானப்பட்டவன் அதை மறக்கவில்லை. பள்ளிக்கு மட்டம் போடவைத்து இருவரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறான். ரோமியோ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேவினிடம் திரும்புகிறான். அதுவரை கோமாளியாக இருந்த அதே முகம்தான், ஆனால் வேறு ஆள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதன் பிறகு கேவின் ஒதுங்கிவிடுகிறான், ஆபரேஷனுக்குப் போகிறான். ரோமியோ ஆஸ்பத்திரிப் பக்கம்கூடப் போகவில்லை, மாரெலின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிகிறான்.

இது மெடோஸும் அவருடைய நண்பர் பால் ஃப்ரேசரும் சேர்ந்து எழுதிய கதை. பால் சின்ன வயதில் அடிபட்டு ரெண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாராம். அந்தச் சமயத்தில் மெடோஸ் ஊரிலிருந்த மோசமான ஆட்களோடு சுற்றினாராம். பெரியவர்களான பிறகு இருவரும் உட்கார்ந்து அதையே எழுதியிருக்கிறார்கள். அது ஒரு பாக்கியம்தான், எல்லாருக்கும் வாய்க்காது.

நான் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் பஸ் பிடித்து கால்வெர்டன் போய் வந்தேன். படம் எடுத்த ஊர். பார்க்க ஒன்றும் இல்லை. பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், வரிசையாகச் செங்கல் வீடுகள். டிரைவர் என்னைப் பார்த்து "டக்" என்றார். வாத்து என்கிறாரே என்று ஒரு கணம் விழித்தேன். நீ முன்பே சொல்லியிருந்தாய், அங்கே அது நம்மூர் "கண்ணு" மாதிரி என்று. 1589இல் வில்லியம் லீ என்ற பாதிரியார் பின்னல் இயந்திரம் கண்டுபிடித்ததும் கால்வெர்டனில்தான் என்கிறார்கள். திருப்பூர் பனியன் மிஷின்களுக்கெல்லாம் மூதாதை! சரி, பேச்சு எங்கோ போகிறது.

உனக்குப் பன்னிரண்டு வயதில் மாடிவீட்டுக்காரரின் சிநேகிதன் என்று ஒரு ஆள் பைக்கில் வருவான். நடிகர்கள் குரலில் பேசிக் காட்டுவான், வாயில் விசில் அடித்தே முழுப் பாட்டும் பாடுவான். சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்துக் கொடுத்தான் என்று அம்மா அவனுக்கு அடை சுட்டுப் போட்டாள். நானும் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தேன். நீ அவன் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு ஊரைச் சுற்றினாய். அதே சமயம் எதிர்வீட்டுப் பையன், உன் பக்கோடாக் கூட்டாளி, வேப்ப மரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தான். கட்டுப் பிரித்த பிறகும் அவன் நம் வீட்டுக்கு வரவில்லை. "என்னடா, சண்டையா?" என்று உன்னை ஒரே ஒரு தடவை கேட்டேன். "அவன்தான் பேசமாட்டேங்கிறான்" என்றாய். பிள்ளைச் சண்டை என்று விட்டுவிட்டேன். பைக்குக்காரன் மாடிவீட்டுக்காரரிடம் கடன் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரர்களும் வீடு மாற்றிக்கொண்டு போனார்கள்.

போன வாரம் பென்ஷன் பேப்பர் நகல் எடுக்க சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மிஷினுக்குப் பின்னாலிருந்து "மாமா!" என்று ஒரு குரல். அவன்தான். தலை பாதி நரைத்துவிட்டது, ஒரு காலை இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் வைக்கிறான். உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டான். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து டீ சொன்னான். பேச்சுவாக்கில் படத்தைப் பற்றிச் சொன்னேன். மாரெல் வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்:

"கட்டோட படுத்திருந்தப்ப அந்தாளு ஒரு நாள் தனியா வந்தாரு மாமா. சாத்துக்குடி வாங்கிட்டு வந்தாரு. அம்மா காபி போட உள்ள போனாங்க. கட்டு மேல கைய வச்சு அழுத்திக்கிட்டே, சிரிச்ச முகமா, 'இனிமே அவனக் கூப்பிட்டு ஆள் அனுப்பாத, இன்னொரு கால் இருக்குல்ல'ன்னாரு. அம்மா காபியோட வந்ததும் விசிலடிச்சுப் பாட்டுப் பாடிக் காட்டினாரு. அம்மா சிரிச்சாங்க."

இத்தனை வருஷமும் அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் அந்த பைக்கில் ஏறியிருக்க மாட்டாய்.

படத்தின் கடைசியில் மாரெல் கேவினின் அப்பாவைப் போட்டு அடிக்கிறான். அப்போது, ரோமியோ முகம் கொடுத்துப் பேசாத அந்த ஓடிப்போன அப்பன்தான் குறுக்கே வந்து நிற்கிறான். நான் ஓடிப்போகவில்லை. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன், திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பைக்குக்காரன் விசிலுக்குத் தாளம் போட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் பக்கோடாக் கூட்டாளியின் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் உனக்கு எழுதுவது அவனுக்குத் தெரியாது. கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறைவு என்றான், அவ்வளவுதான்.

கிளம்பும்போது நகலுக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். பக்கத்துக் கடையில் சூடாகக் கால் கிலோ பக்கோடா கட்டச் சொல்லி, "அத்தைக்கு" என்று கையில் திணித்தான். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். வீட்டில் அம்மா கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன, இவ்வளவுதானா?" என்றாள்.

கடைக்காரர் எடை குறைத்துவிட்டார் என்று சொன்னேன்.

அன்புடன்,
அப்பா