சமூகப் பணியாளர்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டத்துக்கு முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகக் கூறப்படும், ஒரு சிறுவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதன்முறையாக நிறுத்தப்படும் நாளிலிருந்து 15 நாட்களுக்குள், அவனுடைய குடும்பச் சூழல், படிப்பு, நண்பர் சேர்க்கை, குற்றம் நிகழ்ந்த பின்னணி ஆகியவற்றை நேரில் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை அளிக்கப்பட வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. நன்னடத்தை அலுவலரும், அவர் இல்லாதபோது குழந்தைகள் நல அலுவலரோ சமூகப் பணியாளரோ அதை எழுதலாம். சிறுவனைப் பெற்றோரிடம் ஒப்படைப்பதா, இல்லத்தில் வைப்பதா என்ற முடிவு பெரும்பாலும் அந்தச் சில பக்கங்களைப் பொறுத்தே அமைகிறது. ஆனால், அவற்றை எழுதியவர் எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் பழகினார், கடைசியாக எப்போது பயிற்சி பெற்றார் என்று அந்தச் சிறுவனின் தாய் கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு பதிவேடு இல்லை.

சமூகப் பணி முதுகலை மாணவர்களின் களப்பணியைப் பல ஆண்டுகள் மேற்பார்வை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர் ஆகியோர் சட்டப்படி அமைந்த மன்றத்தில் பதிவு செய்யாமல் தொழில் நடத்த முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுத் துறையில் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் அதே ஒழுங்கைக் கொண்டுவந்தது. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வுச் சமூகப் பணியாளர் முதலியோர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். பதிவின்றிப் பணிபுரிந்தால் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. அதாவது, ஒரே வகுப்பில் ஒரே பட்டம் பெற்ற இருவரில் மருத்துவமனைக்குச் சென்றவருக்குச் சட்டம் உண்டு. குழந்தைகள் இல்லத்துக்கோ, வன்முறைக்குள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ, முதியோர் இல்லத்துக்கோ சென்றவருக்கு இல்லை.

உள்ள ஏற்பாடுகளிலும் குழப்பம் குறைவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப் பணியாளர் என்பவருக்குச் சமூகப் பணியில் முதுகலையும் அதற்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் வேண்டும் என்று வரையறுக்கிறது. அந்த எம்.ஃபில். படிப்பையே பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டது. பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை நீட்டித்தது. தகுதியை ஒரு சட்டம் நிர்ணயிக்க, அந்தத் தகுதிக்குரிய படிப்பை வேறொரு அமைப்பு நிறுத்தலாம் என்றால், இடையில் நிற்கும் மாணவர் யாரிடம் போய்க் கேட்பார்?

வேறொரு சட்டம் இந்தத் துறையை எப்படித் திசைதிருப்பியது என்பதும் நினைவுகூரத் தக்கது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. சட்டம் கேட்ட பணிக்குச் சம்பளமும் மதிப்பும் கிடைத்தன. எனவே, எங்கள் மாணவர்களில் திறமையான பலர், சமூகப் பணிப் படிப்புக்குள் அந்தப் பணிக்கு வழிகாட்டும் மனிதவள மேலாண்மைப் பிரிவையே விரும்பி எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்ற கவலையோடு வேலை பார்ப்பவரைவிட அவர்கள் நிலை எவ்வளவோ மேல்.

மத்திய அரசு தேசிய மன்றம் அமைக்கும் வரை தமிழகம் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம், மருத்துவம் மற்றும் இதர தொழில்கள் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 26-ஆவது இனமாக உள்ளன. மாநிலமும் சட்டம் இயற்றலாம். இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல்தான் வந்தது. சென்னை மாகாணமோ 1926-லேயே செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்குத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. நாட்டிலேயே முதன்முதலாகச் சிறாருக்கெனச் சட்டம் கொண்டுவந்ததும் இதே மாகாணம்தான், 1920-இல். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சென்னைச் சமூகப் பணிப் பள்ளி இன்றும் இயங்குகிறது. ஆசிரியர்களுக்கோ அனுபவசாலிகளுக்கோ இங்கு பஞ்சமில்லை.

பட்டம் இல்லாமலே அரிய பணி செய்பவர்களை இந்தப் பதிவேடு வெளியே தள்ளிவிடும் என்பது நியாயமான அச்சம். குடிசைப் பகுதிகளிலும் மீனவர் குப்பங்களிலும் பட்டதாரிகளுக்கே தொழில் கற்றுத் தந்த பெண்களை நான் அறிவேன். நீதிக் குழுமத்தின் சமூகப் பணியாளர் உறுப்பினருக்குக் குழந்தைகள் தொடர்பான ஏழாண்டு ஈடுபாட்டையே போதிய தகுதியாக அதே 2015 சட்டம் ஏற்கிறது. ஆகவே, குறிப்பிட்ட ஆண்டுகள் களத்தில் நின்றவரை, அவர் கையாண்ட நேர்வுகளை மதிப்பிட்டு, பட்டம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் தனிவழி பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணத்தை ஒப்பந்தப் பணியாளரின் தலையில் கட்டாமல் வேலை தரும் துறையோ நிறுவனமோ ஏற்க வேண்டும்.

புதுப்பித்தலுக்கான பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஓட்டல் அரங்கில் குத்துவிளக்கு ஏற்றி, மதிய உணவுக்குப் பின் குழுப்படம் எடுத்து, மாலையில் சான்றிதழ் வழங்கிக் கலையும் ஒருநாள் கூட்டங்களுக்கெல்லாம் புள்ளி வழங்கினால், பதிவேடு சான்றிதழ் வியாபாரத்துக்குத்தான் துணைபோகும். இங்கிலாந்தில் 2019 டிசம்பர் முதல் இத்துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு, ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கும்போது குறைந்தது இரண்டு கற்றல் குறிப்புகளையாவது எழுதித் தரச் சொல்கிறது. அவற்றில் ஒன்றாவது சக பணியாளருடன் கலந்து பேசி எழுதியதாக இருக்க வேண்டும். செலவில்லாத இந்த முறை நமக்கு மிகவும் பொருந்தும். தான் எழுதிய ஒரு விசாரணை அறிக்கையை, பெயர்களை மறைத்து, மூத்தவர் ஒருவர் முன் வைத்து, எதை விசாரிக்கத் தவறினோம் என்று பேசும் ஒரு மணி நேரம், பத்துக் கருத்தரங்குகள் தராததைத் தரும். முதுகலை மாணவருக்கு வழக்கமாக வாரம் இரண்டு நாள் களப்பணியும் அதற்கொரு மேற்பார்வையாளரும் உண்டு. வேலையில் சேர்ந்த மறுநாளே அந்த மேற்பார்வை மறைந்துவிடுகிறது.

சட்டம் இயற்ற நாளாகும் என்றால், ஓர் அரசாணையால் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் ஒருமுறை மூத்த சமூகப் பணியாளரின் மேற்பார்வை நேரத்தைப் பணிநேரத்துக்குள்ளேயே ஒதுக்கி, அதைப் பணிப் பதிவில் குறித்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் ஊதியத்தை நிர்ணயிக்கும்போதும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி சமூக நலத் துறை உத்தரவிட வேண்டும். மேற்பார்வை செய்ய ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நன்னடத்தை அலுவலர்களும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணி மேற்பார்வையாளர்,
மதுரை.