எட்டில் ஏழு குழந்தைக்குத் தேவையே இல்லாத மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகன் பிறந்த பன்னிரண்டாம் நாள், குடித்த பாலையெல்லாம் கக்கிக்கொண்டே இருந்தான். உரம் விழுந்திருக்கும் என்று மாமியார் சொல்ல, உரம் எடுக்கிற பாட்டியிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாளில் பிள்ளை துவண்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் சோடியம் ரொம்பக் குறைவு, பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சரியாகச் சுரக்காத பிறவிக் குறைபாடு, சிஏஎச் என்றார்கள். என் கணவர் எனக்கு அத்தை மகன். பழுதான மரபணு ஆளுக்கொன்று இருவரிடமும் இருந்திருக்கிறது, எங்களுக்கு எதுவும் தெரியாமலே.

அடுத்து நான் உண்டானபோது தெரிந்தவர் ஒருவர், ஆறாவது வாரத்திலேயே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்துவிடு, இந்தப் பிள்ளைக்கு நோயே வராது என்றார். வராது என்பது தப்பு. இந்த நோயில் ஆண் ஹார்மோன் கூடிப்போய் பெண் சிசுவின் பிறப்புறுப்பு மாறாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. நோய் இருந்தால் ஆயுசுக்கும் கார்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். எங்களைப் போன்ற தம்பதிக்கு நாலில் ஒரு குழந்தைக்கு நோய் வரலாம், அதிலும் பாதிதான் பெண், ஆக எட்டில் ஒன்று. ஆனால் ஒன்பதாவது வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் என்பதால், கொடுப்பவர்கள், நோய் இருக்கிறதா என்று தெரியும் முன்பே இப்படிப்பட்ட தாய்மார் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். தாயின் ரத்தத்திலேயே ஆணா பெண்ணா என்று சீக்கிரம் பார்த்து ஆணென்றால் நிறுத்துகிற வழி வெளிநாடுகளில் உண்டு, நம் ஊரில் அதைக் கேட்கவே பயப்பட வேண்டும்!

தாய் உடம்பில் ஊறும் கார்டிசோலை நஞ்சுக்கொடி பெருமளவு முடக்கிவிடும், டெக்ஸாவை அப்படியே உள்ளே விட்டுவிடும். மூளை உருவாகிற நேரம் அது. சுவீடனில் இப்படி மருந்து பெற்ற, ஆனால் நோயில்லாத பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, கேட்டதை மனதில் நிறுத்திக்கொள்ளும் திறன் சற்றுக் குறைவாக இருந்ததாக 2007-ல் எழுதினார்கள். 2010-ல் புதிதாக யாருக்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பின்னால் பெரியவர்களிடம் பார்த்த ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு பிள்ளைக்காக, தேவையில்லாத மீதி ஏழு பிள்ளைகளை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

(குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்னும்போது நுரையீரலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு சங்கதி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி, பிள்ளையின் உயிரையே காப்பாற்றும். இதைப் படித்துவிட்டு அதை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

நான் கேட்பது வேறு. சொந்தத்தில் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிற நம் மாநிலத்தில், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாம் நாள் குதிகாலில் ரத்தம் எடுத்து இந்த நோய்க்குப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும், முடிவும் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வர வேண்டும். ஆண் பிள்ளைக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, நேரே வாந்திதான். இன்று காலைகூட மகனின் பத்து மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைப் பிளேடால் நாலாக நறுக்கிப் பொட்டலம் கட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அடுத்துப் பிறந்த மகளுக்கு அந்தக் குதிகால் ரத்தச் சோதனையை நாங்களே காசு கட்டிச் செய்தோம். அவளுக்கு நோய் இல்லை.

இப்படிக்கு,
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்